தாளுக்கு நடுவில் வைத்த தாள்

மதிப்புக்குரிய டைப்பிஸ்டம்மா அவர்களுக்கு,

மெஷின்காரன் சொல்லச் சொல்ல எழுதப்படும் கடிதம் இது. நீங்களும் உங்கள் வீட்டாரும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு எண்பத்து மூன்று முடிந்துவிட்டது. காது நன்றாகக் கேட்கிறது. முழங்கால்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

அது எந்த வருஷம் என்று எண்ணில் சொல்ல எனக்கு வராது. மனிதன் நிலாவில் கால் வைத்துத் திரும்பி வந்த மறு வருஷம். ஆற்றுப்பாலத்தின் ஒரு தூண் உட்கார்ந்துபோய், பஸ்ஸெல்லாம் ஊரைச் சுற்றிக்கொண்டு போன வருஷம். நம் டுடோரியல் மாடிப்படியில் கிளார்க் ஐயா வழுக்கி விழுந்து, அதற்கப்புறம் கைப்பிடி போட்டார்களே, அந்த வருஷம். என் வீட்டுக்காரிக்கு முதல் பிள்ளை ஏழு மாதம். இத்தனை அடையாளம் உங்களுக்குத் தேவையில்லை. உங்களை வேலையை விட்டு அனுப்பிய வருஷம் என்று சொன்னால் போதும்.

அந்தக் கேள்வித்தாள் வெளியே போனதற்குக் காரணம் நீங்கள் அல்ல. அந்தக் குடைக்காரப் பிள்ளையும் அல்ல. நான்தான் அம்மா. ஐம்பது வருஷத்துக்கு மேல் கழித்துச் சொல்கிறேன்.

உறையின் மேலுள்ள கையெழுத்தைப் பார்த்துத் திகைத்திருப்பீர்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். உள்ளே எழுதுவது எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரப் பெண். நான் பேசுகிறபடியே எழுதுவதா, திருத்தி எழுதுவதா என்று கேட்டார். "திருத்தியே எழுதும்மா. படிக்கப்போறவங்க ஸ்டென்சில்ல ஒரு எழுத்து சாஞ்சிருந்தாலே இன்னொன்னு வெட்டுறவங்க" என்றேன். இருமல் மருந்து கேட்டு யாராவது வந்தால் நடுவில் நிறுத்திவிடுகிறார். ஆகவே கடிதம் அங்கங்கே விட்டு விட்டு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். உங்கள் பிள்ளைகள் படித்தாலும் புரிய வேண்டும்.

தேர்வில் தவறியவர்கள் மறுபடி படிக்க வரும் இடம் நம் டுடோரியல். கப்பல் ஆபீஸ் குமாஸ்தா வேலைக்கான ஆங்கிலப் பரீட்சையும் அங்கேதான் நடக்கும். கேள்வி போடுவது கிராமர் வாத்தியார். அதை மெழுகுத்தாளில் டைப் அடித்து ஸ்டென்சில் வெட்டுவது நீங்கள். சைக்ளோஸ்டைல் மெஷினில் பூட்டி, கைப்பிடி சுற்றி, தாள் தாளாக எடுப்பது நான். எனக்கு அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு முன்னால் வந்த மூன்று பேரும் பள்ளிக்கூடம் போனவர்கள். பிரின்சிபால் என் முன்னால் ஒரு செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்து, "என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார். "படம் போட்டிருக்கு ஐயா, ஆள் ஏன் தலைகீழா நிக்கிறார்?" என்றேன். சிரித்துவிட்டார். "இவன்தான் சரி. இவன் கையில கேள்வித்தாள் இருந்தா பெட்டியில பூட்டி வச்ச மாதிரி" என்றார். படிக்கத் தெரியாததுதான் என் படிப்பு. அதை வைத்துத்தான் முப்பத்திரண்டு வருஷம் அங்கே சம்பளம் வாங்கினேன்.

மெஷின் அறைக்கும் வாத்தியார் வகுப்புக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். ஆங்கில வினைச்சொல்லுக்குப் பின்னால் ஐஎன்ஜியும் ஈடியும் சேர்க்கிற பாடத்தை வருஷத்துக்கு நான்கு முறை நடத்துவார். நான்கு முறையும் கேட்டேன். சொல் ஒரு வீடு, பின்னால் வந்து சேருவது மாப்பிள்ளை என்பார். வீட்டுக் கடைசியில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கும் ஈ என்ற எழுத்து, மாப்பிள்ளை வந்ததும் நாற்காலியை விட்டுவிட்டு எழுந்து போய்விடும். ஹோப் என்ற சொல்லில் அப்படி. ஸ்டாப் மாதிரிச் சின்ன வீட்டில் ஈ கிடையாது, கதவும் பலவீனம். ஆகவே கடைசி எழுத்தை இரண்டாகப் போடு, இரண்டு தாழ்ப்பாள் என்பார். கேரி என்ற சொல்லில் ஒய் இருக்கிறதே, ஈடி வந்தால் சட்டையை மாற்றி ஐ ஆகிவிடும். ஐஎன்ஜி வந்தால் மட்டும் மாற்றாது. "ஏண்டா மாத்தாது? ஏற்கெனவே ஒரு ஐ வாசல்ல நிக்குது. ஒரே சட்ட போட்ட ரெண்டு பேர் பக்கத்துல உக்காந்தா பந்தியில சண்டதான்" என்பார். வகுப்பே சிரிக்கும். இந்தப் பக்கம் நானும் சிரித்துக்கொண்டே கைப்பிடி சுற்றுவேன். இதை நான் இன்றைக்குச் சொன்னதும் மருந்துக்கடைப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்க்கிறார். "படிக்கத் தெரியாதுன்னு சொல்லி என்ன ஏமாத்துறீங்களா ஐயா?" என்கிறார். இல்லையம்மா, அத்தனையும் காதால் படித்தது.

இனி அந்த நாளைச் சொல்கிறேன்.

கேள்வித்தாள் அடிக்கும் நாளுக்கென்று ஒரு முறை உண்டு. வாத்தியார் பக்கத்தில் நிற்க வேண்டும். அடித்து முடித்ததும் கிளார்க் ஐயா நல்ல தாளையும் வீணான தாளையும் தனித்தனியே எண்ணுவார். வீணான கேள்வித்தாள்களை அவர் கண்ணெதிரே தகர டப்பாவில் போட்டுக் கொளுத்துவோம். வீணான நோட்ஸ் தாள்கள் எனக்கு. அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோவேன். என் வீட்டுக்காரி மைதா பசை காய்ச்சிக் கவர் ஒட்டுவாள். நம் வாசலில் நிற்கும் கடலை வண்டிக்காரர் வாங்கிக்கொள்வார். நீங்களும் அந்தக் கவரில் எத்தனையோ முறை கடலை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறீர்கள். "மெஷின் அண்ணே, நான் வெட்டின ஸ்டென்சில் எனக்கே பொட்டலமா வருது" என்று சொல்லிச் சிரிப்பீர்கள்.

அன்று விடியலிலிருந்தே மழை. அறை முழுக்க ஈரம். மை காயவே இல்லை. ஒரு தாள் விழுந்து அதன் மேல் அடுத்தது விழுந்தால் மேல்தாளின் முதுகில் மை ஒட்டிக்கொண்டது. வாத்தியார் பக்கத்தில்தான் நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம் வகுப்பில் ஒரே கூச்சல். யாரோ பெஞ்சை உருட்டிவிட்டார்கள். "ரெண்டே நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் அங்கேயே பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். சுவர் வழியே அவர் குரல் கேட்டது. நானோ தாள்கள் வீணாகின்றனவே என்று தவித்தேன். என் பையில் வீணான நோட்ஸ் தாள் நாற்பது இருந்தது. அதற்கப்புறம் விழுந்த ஈரத்தாள் ஒவ்வொன்றின் மேலும், நாற்பதும் தீரும் வரை, அதிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தேன். எழுத்து இருக்கும் பக்கத்தை மேலே விட்டு, வெற்றுப்பக்கம் ஈரத்தில் படும்படி வைத்தேன். எழுத்தோடு எழுத்து கலந்துவிடக் கூடாதாம். அவ்வளவு கவனம் எனக்கு.

தாள் காய்ந்தபின் நாற்பதையும் உருவிப் பைக்குள் போட்டேன். அவை நோட்ஸ் தாள்கள், ஆகவே என் தாள்கள். கிளார்க் ஐயா வந்து எண்ணினார். நல்லது நூற்றிருபது, வீண் ஒன்பது. ஒன்பதும் எரிந்தன. கணக்கு சரி. வெற்றுப்பக்கம் இப்போது வெற்றாக இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் மைக்கறை என்றுதான் நினைத்திருப்பேன். படிக்கத் தெரிந்தவன் ஒருவன் அங்கே நின்றிருந்தால், எழுத்துகள் இடம் வலம் மாறிக் கிடப்பதை அந்த நிமிஷமே பார்த்திருப்பான். அதற்குத்தானே படிக்கத் தெரிந்த ஒருவர் நிற்க வேண்டும் என்று முறை வைத்திருந்தார்கள்.

மிச்சம் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஹோப்புக்கும் ஹாப்புக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளை, இருபது சொல்லுக்கும் சரியாக எழுதிவிட்டுப் பத்தே நிமிஷத்தில் மேஜையில் தலை வைத்துத் தூங்கிவிட்டான். முந்தின வாரம் மழையில் பஸ் நிறுத்தம் வரை உங்களுக்குக் குடை பிடித்து வந்தவனும் அவனே. அதை மாடியிலிருந்து பார்த்தவர் கிளார்க் ஐயா. குடைக்காரன் என்று அவனுக்குப் பேர் வைத்தவரும் அவர்தான்.

பிரின்சிபால் அறையில் எல்லாரையும் நிறுத்தினார்கள். உங்களை வளர்த்த அண்ணன், வாட்ச் ரிப்பேர்க் கடையை அப்படியே போட்டுவிட்டு, கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டபடியே வந்து நின்றார். நீங்கள், "ஸ்டென்சில் வெட்டினதோட சரி சார். ஒரு வார்த்த நான் வெளிய சொல்லல" என்றீர்கள். கிளார்க் ஐயா, "குடைக்குள்ள நடந்தப்போ ஒரு வார்த்தகூடப் பேசலியாம்மா?" என்றார். அவர் சொன்னபோது நான் உங்கள் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

குடைக்காரப் பிள்ளை உள்ளதைச் சொன்னான். "கடலப் பொட்டலத்துல இருந்துச்சு சார். சலூன்ல உக்காந்து தின்னுட்டிருந்தேன். எதிர்க் கண்ணாடியில பார்த்தா எழுத்து நேரா தெரிஞ்சுச்சு" என்றான். "ஆமாமா, அடுத்த வாரம் சோப்பு நுரையில ரிசல்ட் வரும், போய்ப் பாரு" என்றார் கிளார்க் ஐயா. எல்லாரும் சிரித்தார்கள். பிரின்சிபால் அவனை அறைந்தார். என்னை மட்டும் ஒரே கேள்வி கேட்டார்கள், எரித்த கணக்கு சரிதானா என்று. "சரி ஐயா" என்றேன். "அவன விடுங்க, பாவம், அவனுக்கு அதெல்லாம் கல்லும் மண்ணும் மாதிரி" என்றார் பிரின்சிபால்.

டைப்பிஸ்டம்மா, எனக்கு அப்போது தெரியாது என்று எழுதச் சொன்னால் இந்தப் பெண் எழுதிவிடுவார். ஆனால் அது உண்மை இல்லை. பொட்டலம் என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஊரில் அந்தக் கவரை ஒட்டும் கை யாருடையது என்று அந்த அறையில் எனக்கு ஒருவனுக்குத்தான் உறைத்தது. வாயைத் திறக்க நேரம் இருந்தது. நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்த்தீர்கள். உதவிக்காகப் பார்த்தீர்களோ, சும்மா பார்த்தீர்களோ, தெரியாது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரையில் ஒரு குண்டூசி கிடந்தது. தலை துருப்பிடித்த குண்டூசி. இன்றைக்கும் எடுத்துத் தரச் சொன்னால் அந்த இடத்தைக் காட்டுவேன்.

நீங்களும் அண்ணனும் வீட்டுக்குப் போனதை மெஷின் அறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவர் முன்னால் போனார், நீங்கள் பின்னால். நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற அளவுக்கு இடம்.

வீட்டுக்குப் போய், ஒட்டி வைத்திருந்த கவர்களில் ஒன்றை என் வீட்டுக்காரியின் பொட்டுக்கண்ணாடிக்கு எதிரே பிடித்தேன். எனக்கு எழுத்து தெரியாது, உருவம் தெரியும். நூற்றிருபது முறை என் கையிலிருந்து விழுந்த தாள் அல்லவா? மேலே நீளக்கோடு, கீழே இரண்டு வரிசை, வலது வரிசையில் நான்காவது சொல் மட்டும் குட்டையாக மூன்றே எழுத்து. கண்ணாடிக்குள் அப்படியே இருந்தது. மிச்சக் கவர் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "அந்தப் பொண்ணு நாளைக்குத் தெருவுல எப்படி நடக்கும்? இப்பவே போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள். திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன். "ஏன், திங்கக்கிழம உங்களுக்கு வாய் புதுசா முளைக்குமா?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை உங்கள் மேஜை காலியாக இருந்தது. டைப்ரைட்டருக்கு உறை போட்டிருந்தது. நீங்கள் ஊரைவிட்டே போய்விட்டதாகச் சொன்னார்கள். பிறகு பிள்ளை பிறக்கட்டும் என்று இருந்தேன். பிறந்தபின், இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்தேன். வருஷத்துக்கு ஒரு காரணம் எனக்குக் குறைவில்லாமல் கிடைத்தது. என் வீட்டுக்காரி அதற்கப்புறம் ஒரு கவர்கூட ஒட்டவில்லை. பதினொரு வருஷம் முன்னால் போய்ச்சேர்ந்தாள். கடைசி வாரத்தில், "திங்கக்கிழம வந்துடுச்சா?" என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள், கிழவிக்கு நினைவு தப்பிவிட்டது, கிழமை கேட்கிறாள் என்று அழுதார்கள். அவளுக்கு நினைவு எங்கும் தப்பவில்லை.

குடைக்காரப் பிள்ளை பிறகு லாரி ஓட்டினான். ஒருமுறை டுடோரியல் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு மெஷின் அறைக்கு வந்தான். "அண்ணே, நான் அன்னிக்குப் பொய் சொல்லலண்ணே" என்றான். "தெரியும்பா" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. "தெரியுமா? அப்புறம் ஏண்ணே..." என்றான். நான் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தேன். மெஷினில் தாளே இல்லை. அவன் போய்விட்டான். பிறகு வரவே இல்லை. மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து இறந்தான் என்று கேள்விப்பட்டேன்.

வாத்தியார் கதை வேறு. நீங்கள் போன மறுவாரம் என் அறைக்கு வந்து மேஜையில் ஒரு கட்டு வெள்ளைத்தாளை வைத்தார். "மெஷின்காரரே, மழ நாள்ல நடுவுல வைக்க இது. வேல முடிஞ்சதும் இதையும் டப்பாவுல போட்டு எரிச்சுடுங்க" என்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம், ஒரு செங்கல் சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்து வேலை பார்த்தோம். அவர் பாடம் சொன்னார், நான் கேட்டேன். ஒருமுறை எனக்கு எழுத்து சொல்லித்தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். படிக்கத் தெரியாதவன் என்ற கூரைக்குக் கீழேதான் அன்று நான் நனையாமல் நின்றேன். அதைப் பிரித்துப் போட எனக்குத் துணிவில்லை.

போன மாதம் வாத்தியார் காலமானார். காரியம் முடிந்தபின் அவர் மகன் என்னைத் தேடி வந்து ஓர் உறை கொடுத்தார். அப்பா என்னிடம் சேர்க்கச் சொன்னாராம். இந்தப் பெண்தான் பிரித்துப் படித்தார். உள்ளே உங்கள் விலாசம் இருந்தது. நீங்கள் இப்போது இருக்கும் ஊரில் உங்களுக்கு வேலைக்குச் சிபாரிசு செய்தவர் அவர்தான், நீங்கள் வருஷாவருஷம் கடிதம் போடுவதும் அவருக்குத்தான் என்பது அதிலிருந்து தெரிந்தது. பசை விட்டுப் பிரித்து நீவிய ஒரு கடலைக் கவரும் இருந்தது. அந்தப் பிள்ளை சொன்னதை நம்பி, அன்று சாயங்காலமே வண்டிக்காரரிடம் போய்க் கடலை வாங்கியிருக்கிறார் மனிதர். நாங்கள் எல்லாரும் சிரித்த பேச்சை அவர் ஒருவர் சோதித்துப் பார்த்திருக்கிறார். கூடவே ஒரு துண்டுக் காகிதம். அதில் எழுதியிருந்தது இது: "மெஷின்காரரே, அன்று நான் அறையை விட்டுப் போகாமல் நின்றிருந்தால் நீங்கள் அந்த நோட்ஸ் தாள்களைத் தொட்டிருக்க மாட்டீர்கள். அதைச் சொல்ல வெட்கப்பட்டே நான் காலத்தைக் கழித்துவிட்டேன். நான் சொல்லாமல் போகிறேன். நீங்களும் அப்படிப் போக வேண்டாம்."

உங்களுக்குக் கடிதம் எழுதுவதற்கு முன் இன்னோர் இடத்துக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. போன வியாழக்கிழமை போனேன்.

உங்கள் அண்ணனின் அதே வாட்ச் கடைதான் அம்மா. பாதி இடத்தில் இப்போது அவர் மகன் செல்போன் விற்கிறார். மூலையில் பழைய மேஜையும் விளக்கும் அப்படியே இருக்கின்றன. உங்கள் அண்ணனுக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. கை நடுங்குகிறது. கடைக்கு வந்து உட்காருவதை மட்டும் விடவில்லை. நான் யார் என்று சொன்னேன். எதற்கு வந்தேன் என்பதையும் சொன்னேன். கவரைக் கொடுத்தேன். பூதக்கண்ணாடியை நல்ல கண்ணில் மாட்டிக்கொண்டு, மருமகளிடம் முகம் பார்க்கும் கண்ணாடி கேட்டு வாங்கினார். கவரை அதற்கு எதிரே பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். ஹோப். ஸ்டாப். கேரி. டிராப். கவர் ஒட்டிய மடிப்பில் சில சொற்கள் போயிருந்தன. மூன்றெழுத்துக் குட்டைச் சொல்லுக்கு வந்தார். லை. அதை இரண்டு முறை படித்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. பொய் சொல்வது என்று சுவர் வழியே கேட்டிருக்கிறேன்.

கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார். "அவ சொன்னா. 'நான் குடுக்கலண்ணா, நான் குடுக்கலண்ணா'ன்னு வீடு வர்ற வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்தா. நான் திரும்பிப் பாக்கல" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். "நீ அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, என் தங்கச்சி கல்யாணத்துல நான் நின்னிருப்பேன்யா. அவ பிள்ளைங்களுக்கு மாமான்னு ஒருத்தன் இருந்திருப்பான்" என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. மருமகள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். "குடுக்காத" என்றார் உங்கள் அண்ணன். கொஞ்ச நேரம் கழித்து, "சரி குடு, வயசான ஆளு" என்றார். அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். அந்த இடத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்ததோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு யாரும் வந்து வாங்காத வாட்சுகளை ஒரு தட்டில் வைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய சீட்டு. தூசி படிந்த வாட்சுகளுக்கு நடுவே பெண்கள் கட்டும் சின்ன வாட்ச் ஒன்று மட்டும் துடைத்தது மாதிரி பளிச்சென்று இருந்தது, ஓடிக்கொண்டும் இருந்தது. அது யாருடையது என்று கேட்டேன். "யாரும் வந்து வாங்கல" என்று மட்டும் சொன்னார். வாசல் வரை வந்த மருமகள்தான் சொன்னார். சீட்டில் பேர் இல்லையாம், தேதி இல்லையாம். "தங்கச்சி" என்று மட்டும் எழுதியிருக்கிறதாம். காலையில் கடை திறந்ததும் முதல் வேலை அதற்குச் சாவி கொடுப்பதுதானாம். யார் கேட்டாலும், சாவி கொடுக்காவிட்டால் எண்ணெய் இறுகிவிடும் என்பாராம்.

டைப்பிஸ்டம்மா, எனக்காக நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். என்னைத் திட்டி ஒரு வரி போட்டாலும் சரி, இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் சரி. கடலைக் கவர் இப்போது உங்கள் அண்ணனின் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. கிளார்க் ஐயாவின் பேச்சு எந்தெந்த வீட்டுக்கெல்லாம் போனதோ, அந்த வீட்டுப் பிள்ளைகளில் இங்கே மிச்சம் இருப்பவர்களிடம் நானே போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டு வீடு முடிந்தது. முழங்கால் விட்டால் மூன்றாவதற்கும் போவேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். மழைக்கு முன்னால் ஒருமுறை வந்து போங்கள். நீங்கள் வரும் வண்டிக்குக் குறுக்கே ஒரு துரும்பும் நிற்காமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் நீண்ட காலம் நன்றாக இருக்கட்டும்.

இங்ஙனம், அன்று வாய் திறக்காத மெஷின்காரன். கையெழுத்துக்குப் பதில் என் பெருவிரல். சைக்ளோஸ்டைல் மை இல்லை, மருந்துக்கடை ரப்பர் ஸ்டாம்பு மைதான்.

உறையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே, அந்த வரியை இன்றைக்குத்தான் மேலே சேர்க்கச் சொன்னேன். எழுதி முடித்த கடிதத்தை எடுத்துக்கொண்டு நேற்று மறுபடியும் கடைக்குப் போனேன். மருந்துக்கடைப் பெண்ணும் துணைக்கு வந்தார். முழுவதையும் அவர் படித்துக் காட்டினார், உங்கள் அண்ணன் கேட்டார். விலாசம் எழுத இந்தப் பெண் பேனாவை எடுத்தபோது, "குடு" என்று கையை நீட்டினார். மூன்று உறைகள் வீணாயின. நான்காவதில் எழுத்துக்கு எழுத்து மூச்சு வாங்கி எழுதி முடித்தார்.

பிரின்சிபால் அறையில் அன்று ஏழு பேர் நின்றோம். பிரின்சிபால் போய்விட்டார். கிளார்க் ஐயா, கைப்பிடி போட்ட அதே மாடிப்படியில் இன்னொரு முறை விழுந்து, பிறகு எழுந்திருக்கவில்லை. குடைக்காரப் பிள்ளை மலைப்பாதையில் போனான். வாத்தியார் போன மாதம். என்னை இருப்பவர்கள் கணக்கில் சேர்க்காதீர்கள், நான் அன்றைக்கும் அங்கே இல்லாத மாதிரிதான் நின்றேன். அன்று நீங்கள் மறுபடி மறுபடி சொல்லியும் காதில் வாங்காமல் போனதை, இன்னும் ஒரே ஒரு முறை உங்கள் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று, ஒற்றைக் கண்ணால் கடை வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவர், உயிரோடு மிச்சம் இருப்பவர், ஒருவர்தான். உங்கள் அண்ணன்.